வக்கீல் அலுவலகத்தில் 4 ஆண்டுகள்: எழுத்தராகவே தொடர்வதா, எல்.எல்.பி. படிப்பதா?

கும்பகோணத்துத் தட்டச்சர்

அனைவருக்கும் வணக்கம். நான் பி.காம். முடித்தவள். 4 ஆண்டுகளாகக் கும்பகோணத்தில் உரிமையியல் வழக்குகள் நடத்தும் ஒரு வழக்கறிஞரின் அலுவலகத்தில் பணிபுரிகிறேன். தட்டச்சராகச் சேர்ந்த நான் இப்போது பிராது, எதிருரை, ஐ.ஏ. எனப்படும் இடைக்கால மனு ஆகியவற்றின் முதல் வரைவை எழுதி வைக்கிறேன். எங்கள் சீனியர் அதைத் திருத்திக் கையொப்பமிடுகிறார். வாய்தாத் தேதிகளை டைரியில் ஏற்றுவதும், வழக்குக் கட்டுகளை ஒழுங்குபடுத்தி வைப்பதும், கட்சிக்காரர்களுக்குத் தொலைபேசியில் தகவல் சொல்வதும் என் பொறுப்பு.

சென்ற மாதம் பாகப்பிரிவினை வழக்கு ஒன்றின் கட்சிக்காரர், ஒரு வயதான அம்மா, மாலையில் தொலைபேசியில் அழைத்தார். எதிர்த்தரப்பில் சமரசம் பேச வந்திருக்கிறார்கள் என்றும், அவர்கள் கொடுப்பதாகச் சொல்லும் பங்கை ஒப்புக்கொள்ளலாமா என்றும் கேட்டார். அந்தக் கட்டை நான் எத்தனையோ முறை படித்திருக்கிறேன். ஒப்புக்கொள்ளக் கூடாது என்பதற்கான காரணம் எனக்குத் தெளிவாகத் தெரிந்திருந்தது. ஆயினும் "ஐயா வந்ததும் கேட்டுச் சொல்கிறேன் அம்மா" என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டேன். ஐயாவும் பின்னர் நான் நினைத்ததையே சொன்னார். அன்றிலிருந்து ஒரு கேள்வி மனத்தை விட்டு அகலவில்லை. விடை தெரிந்தவளுக்கும் அதைச் சொல்லும் உரிமை உள்ளவருக்கும் இடையில் இருப்பது வெறும் பட்டம்தானா, அல்லது வேறு ஏதாவதா?

எனக்கு முன்னால் மூன்று வழிகள் இருக்கின்றன. இங்கேயே தொடரலாம். சென்னையில் அமெரிக்கச் சட்ட நிறுவனங்களுக்கு ஒப்பந்தங்களைப் படித்துக் கொடுக்கும் ஒரு நிறுவனம் பாராலீகல் என்ற, வழக்கறிஞர்களுக்குச் சட்டப் பணியில் உதவும் பதவிக்கு அழைத்திருக்கிறது, அங்கே போகலாம். அல்லது திருச்சியில் மூன்றாண்டு எல்.எல்.பி. படிக்கலாம். ஐயாவோ, "உனக்கு எதற்கம்மா படிப்பு? ஜூனியர்களைவிட உனக்கு அதிகம் தெரியுமே" என்கிறார். அவர் அன்போடு சொல்வது எனக்குத் தெரியும். இந்தத் துறையில் இருப்பவர்களின் அனுபவத்தைக் கேட்க விரும்புகிறேன்.

கருப்பு அங்கி, திருச்சி

சகோதரிக்கு வணக்கம். 18 ஆண்டுகளாக வழக்கறிஞராக இருக்கிறேன். முதலில் சட்டம் என்ன சொல்கிறது என்பதைச் சொல்லிவிடுகிறேன்.

1961ஆம் ஆண்டின் வழக்கறிஞர்கள் சட்டத்தின் 29ஆவது பிரிவு, இந்நாட்டில் சட்டத் தொழில் செய்ய உரிமை பெற்றவர்கள் வழக்கறிஞர்கள் என்ற ஒரே வகுப்பினர்தான் என்கிறது. பதிவு பெறாத எவரும் நீதிமன்றத்திலோ வேறு அதிகார அமைப்பின் முன்போ தொழில் செய்யக் கூடாது என்கிறது 33ஆவது பிரிவு. மீறினால் 45ஆவது பிரிவின்படி 6 மாதம் வரை சிறைத் தண்டனை உண்டு. குறிப்பிட்ட ஒரு வழக்கில் மட்டும், பதிவு பெறாத ஒருவரை நீதிமன்றம் தன் விருப்பின்படி அனுமதிக்கலாம் என்று 32ஆவது பிரிவு ஒரு சிறிய வாசலைத் திறந்து வைத்திருக்கிறது. தன் வழக்கைத் தானே நடத்தும் உரிமை எல்லோருக்கும் உண்டு. இவற்றைத் தவிர, குமாஸ்தா, பாராலீகல், சட்ட உதவியாளர் என்று எந்தப் பெயரில் அழைத்தாலும், இந்தியச் சட்டத்தின் முன் அவர் வழக்கறிஞரின் கை. அவருக்கென்று தனி உரிமமோ, தனியாக வாதாடும் இடமோ இல்லை.

பலர் நினைப்பதுபோலத் தொழில் செய்தல் என்பது நீதிமன்றத்தில் எழுந்து நின்று பேசுவது மட்டும் அன்று. நம் சென்னை உயர் நீதிமன்றத்தில் தொடங்கி உச்ச நீதிமன்றம் வரை சென்ற ஏ.கே. பாலாஜி வழக்கில், 2018 மார்ச் 13 அன்று வந்த தீர்ப்பு இதைத் தெளிவாக்கியது. கருத்துரை வழங்குவதும், ஆவணங்களை வரைவதும், சட்ட விவாதம் உள்ள கூட்டங்களில் பங்கேற்பதும்கூடச் சட்டத் தொழிலுக்குள் அடங்கும் என்று அது சொல்கிறது. ஆகவே, அந்த அம்மா கேட்ட கேள்விக்கு நீங்கள் விடை சொல்லாமல் இருந்தது தயக்கத்தால் அன்று. சரியான இடத்தில் நின்றீர்கள் என்றே நான் சொல்வேன். வாய்தா எந்தத் தேதி என்று சொல்வது தகவல். சமரசத்தை ஏற்கலாமா என்பது ஆலோசனை. உங்கள் அலுவலக வாழ்க்கை முழுவதும் இந்தக் கோட்டின் மேல்தான் நடக்கிறது.

வக்காலத்து என்ற அந்த ஒற்றைத் தாளைச் சற்று எண்ணிப் பாருங்கள். கட்சிக்காரர் அதில் கையெழுத்திட்டு ஒரு மனிதரை நியமிக்கிறார். அந்த மனிதர் அதை ஏற்றுக் கையொப்பமிடுகிறார். தவறு நேர்ந்தால், வழக்கறிஞர்களைப் பதிவு செய்யும் பார் கவுன்சிலின் ஒழுங்கு நடவடிக்கைக் குழு அவரைத்தான் அழைக்கும். 35ஆவது பிரிவின்படி கண்டிக்கவோ, இடைநீக்கம் செய்யவோ, பெயரையே பட்டியலிலிருந்து நீக்கவோ அதற்கு அதிகாரம் உண்டு. வரைவு முழுவதும் உங்கள் கையால் எழுதப்பட்டிருந்தாலும் உங்களை யாரும் அழைக்க மாட்டார்கள். நான் அறிந்த வரையில் பெரிய வேறுபாடு இதுதான். அறிவு இரண்டு பக்கத்திலும் இருக்கலாம். பதில் சொல்ல வேண்டிய பெயர் ஒரு பக்கத்தில்தான் இருக்கிறது.

நாகைக் கட்சிக்காரர்

நான் சட்டம் படித்தவன் அல்லன். 11 ஆண்டுகள் ஒரு நில வழக்கை நடத்தியவன். அந்த 11 ஆண்டுகளில் என் வழக்கறிஞரிடம் நிதானமாகப் பேசிய நேரத்தைக் கூட்டினால் ஒரு நாள்கூடத் தேறாது. வழக்கு எந்த நிலையில் இருக்கிறது, எந்தப் பத்திரத்தின் நகல் வேண்டும், வில்லங்கச் சான்றை எத்தனை ஆண்டுகளுக்கு எடுக்க வேண்டும், சாட்சி சொல்லும் நாளில் எத்தனை மணிக்கு வந்து நிற்க வேண்டும் என்பதையெல்லாம் சொன்னவர் அவருடைய குமாஸ்தாதான். எங்களைப் போன்றவர்களுக்கு நீதிமன்றத்தின் முகம் அவர். ஆகவே, குமாஸ்தா வேலையை ஏதோ படிப்புக்கு முந்தைய படிக்கட்டு போல இங்கே யாரும் பேசிவிட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

பழைய குமாஸ்தா

மேலே எழுதிய ஐயாவுக்கு நன்றி. கேள்வி கேட்ட மகளுக்குச் சற்று விரிவாகவே எழுதுகிறேன். நான் 34 ஆண்டுகள் வக்கீல் குமாஸ்தாவாக இருந்து, சென்ற ஆண்டு உடல்நிலை காரணமாக ஓய்வு பெற்றவன்.

எங்கள் வேலையை வெளியில் இருப்பவர்கள் தாள் சுமக்கும் வேலை என்று நினைக்கிறார்கள். உண்மையில் அது நாள்களை எண்ணும் வேலை. மாவட்ட நீதிமன்றத்தில் மேல்முறையீடு செய்ய 30 நாள், உயர் நீதிமன்றத்தில் 90 நாள் என்று காலவரையறைச் சட்டத்தில் எழுதியிருப்பதை எந்த மாணவரும் ஒப்பித்துவிடுவார். ஆனால், அந்த நாள்களை எண்ணுவதற்கு, தீர்ப்பின் சான்றிட்ட நகலின் கடைசிப் பக்கத்தைப் படிக்கத் தெரிய வேண்டும். நகலுக்கு விண்ணப்பித்த நாள், முத்திரைத்தாள் கேட்கப்பட்ட நாள், அதைக் கட்டிய நாள், நகல் வழங்கப்பட்ட நாள் என்று அங்கே வரிசையாகக் குறித்திருப்பார்கள். நகல் பெற ஆகும் காலத்தைச் சட்டத்தின் 12ஆவது பிரிவு கழித்துக்கொள்ள அனுமதிக்கிறது. ஆனால், முத்திரைத்தாள் கேட்டு அறிவிப்புப் பலகையில் போட்ட பிறகு நாம் கட்டாமல் தாமதித்த நாள்களைக் கழிக்க முடியாது. அது நம் குற்றம். நகல் பிரிவின் குற்றம் அன்று.

இதை நான் இவ்வளவு உறுதியாகச் சொல்வதற்குக் காரணம் உண்டு. பணியில் சேர்ந்த ஒன்பதாவது ஆண்டில், ஊரில் ஒரு துக்கத்துக்குச் சென்றிருந்தேன். திரும்பி வந்து பலகையைப் பார்த்து முத்திரைத்தாள் கட்டுவதற்குள் 8 நாள் கடந்திருந்தது. அந்த 8 நாளையும் சேர்த்துக் கழித்துவிட்டுக் கடைசித் தேதியை டைரியில் தவறாகக் குறித்தேன். மேல்முறையீடு தாக்கலானது, சில நாள்களில் காலம் கடந்தது என்று ரிட்டர்ன் ஆகி வந்தது. எனக்குக் கைகால் ஓடவில்லை. எதிர்த்தரப்புக்குத் தீர்ப்பாகியிருந்த வீட்டில் எங்கள் கட்சிக்காரர் குடும்பத்தோடு குடியிருந்தார்.

தாமதத்தை மன்னிக்கக் கோரி 5ஆவது பிரிவின் கீழ் மனு போட்டோம். விசாரணை நாளில் நான் நீதிமன்ற அறையின் கடைசியில் நின்றுகொண்டிருந்தேன். நீதிபதி காரணம் கேட்டபோது, என் முதலாளி, "தவறு என் அலுவலகத்தினுடையது, கட்சிக்காரர் மீது எந்தக் குறையும் இல்லை" என்று மட்டும் சொன்னார். குமாஸ்தா என்ற சொல் அவர் வாயிலிருந்து வரவில்லை. செலவுத்தொகை செலுத்த வேண்டும் என்ற நிபந்தனையோடு மனு அனுமதிக்கப்பட்டது; அந்தத் தொகையையும் அவரே கட்டினார். அன்று மாலை என்னிடம், "இனிமேல் நகலைப் பார்த்து நானும் ஒரு முறை எண்ணுகிறேன், நீயும் எண்ணு" என்றார். அதற்கு மேல் ஒரு சொல் இல்லை.

மகளே, அன்று எனக்கு இரண்டு உண்மைகள் புரிந்தன. என் வேலையில் தவறு நேர்ந்தால் ஒரு குடும்பம் வீட்டை இழக்கும் என்பது ஒன்று. அந்தத் தவறுக்கு நான் நீதிமன்றத்தில் பதில் சொல்ல முடியாது, அதற்கும் இன்னொருவர்தான் எழுந்து நிற்க வேண்டும் என்பது மற்றொன்று. முதல் உண்மை எனக்குப் பெருமையாக இருந்தது. இரண்டாவது உண்மை பல ஆண்டுகள் என்னை உறுத்தியது. உங்களுக்குத் தொலைபேசியை வைத்த பிறகு வந்த உறுத்தலும் அதுவே என்று நினைக்கிறேன்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். கட்சிக்காரர் வக்கீலிடம் சொன்ன இரகசியத்தை வெளியிடக் கூடாது என்ற விதி, வக்கீலின் எழுத்தருக்கும் பணியாளருக்கும் சேர்த்தே பொருந்தும். பழைய சாட்சியச் சட்டத்தில் 127ஆவது பிரிவில் இருந்தது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய சாக்ஷிய அதினியம் என்ற புதிய சாட்சியச் சட்டத்தில் 132ஆவது பிரிவிலேயே சேர்த்து எழுதப்பட்டிருக்கிறது. ஆக, உரிமைகளைப் பிரித்துக் கொடுக்காத சட்டம், இரகசியத்தைக் காக்கும் கடமையை மட்டும் எங்களுக்கும் கொடுத்திருக்கிறது. அதை நான் ஒரு மரியாதையாகவே எடுத்துக்கொண்டு வாழ்ந்தேன்.

பொருளாதாரத்தைப் பொறுத்தவரை, தமிழ்நாட்டில் வழக்கறிஞர் எழுத்தர்களுக்கென்று தனி நல நிதிச் சட்டம் இருக்கிறது. உங்கள் பெயர் பதிவாகியிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். தட்டச்சராகச் சேர்ந்த பெண்கள் பலர், குமாஸ்தா வேலை முழுவதையும் செய்துகொண்டே பதிவில்லாமல் இருப்பதைக் கண்டிருக்கிறேன்.

ஒப்பந்த வாசிப்பாளர், சென்னை

நீங்கள் குறிப்பிட்ட வகை நிறுவனத்தில்தான் நான் 6 ஆண்டுகளாக இருக்கிறேன். எல்.எல்.பி. முடித்தவன், ஆனால் வழக்கறிஞராகப் பதிவு செய்துகொள்ளவில்லை. என் பதவியின் பெயர் பாராலீகல்.

காலையில் கணினியைத் திறந்தால் அன்றைய பங்காக நூற்றுக்கணக்கான ஆவணங்கள் காத்திருக்கும். அமெரிக்காவில் நடக்கும் ஒரு வழக்கில், எதிர்த்தரப்புக்குக் கொடுக்க வேண்டிய மின்னஞ்சல்கள் எவை, வழக்கறிஞர்–கட்சிக்காரர் இரகசியம் என்று நிறுத்தி வைக்க வேண்டியவை எவை என்று ஒவ்வொன்றாகக் குறியிட வேண்டும். இல்லையென்றால், ஒப்பந்தங்களில் முடிவுறுத்தும் பிரிவும் இழப்பீட்டுப் பிரிவும் எப்படி எழுதப்பட்டுள்ளன என்று அட்டவணைப்படுத்த வேண்டும். முடிவு எடுப்பவர் அங்குள்ள வழக்கறிஞர். சம்பளம் மாதந்தோறும் தவறாமல் வருகிறது. என் வகுப்புத் தோழர்களில் வழக்காடச் சென்றவர்கள் முதல் 4, 5 ஆண்டுகள் பட்ட பாட்டைப் பார்த்தபோது, என் வீட்டு நிலைமைக்கு இதுவே சரி என்று தோன்றியது. அதற்காக நான் வருந்தவில்லை.

ஆனால், நீங்கள் இழக்கக்கூடியதையும் சொல்லிவிட வேண்டும். உங்களுக்கு அந்த அம்மாவின் குரல் கேட்டது. எனக்கு இந்த 6 ஆண்டுகளில் ஒரு கட்சிக்காரரின் குரலும் கேட்டதில்லை. நான் படித்த ஆவணம் எந்த வழக்கில், எப்படிப் பயன்பட்டது, யார் வென்றார்கள் என்பது பெரும்பாலும் எனக்குத் தெரியவே தெரியாது. கும்பகோணத்தில் நீங்கள் செய்யும் வேலையும் சென்னையில் நான் செய்யும் வேலையும் பெயரளவில் ஒன்று. உள்ளே தொட்டுப் பார்த்தால் வேறு வேறு.

மேலே ஏ.கே. பாலாஜி தீர்ப்பு பற்றி எழுதியிருந்தார்கள். அந்த வழக்கில் எங்களைப் போன்ற நிறுவனங்களைப் பற்றியும் பேசப்பட்டது. 2012இல் சென்னை உயர் நீதிமன்றம், இவை சட்டத் தொழில் செய்வனவாகா என்று கருதியது. உச்ச நீதிமன்றம் அதைச் சற்றுத் திருத்தி, பெயர் எதுவாக இருந்தாலும் செய்யப்படும் பணியின் சாரம் சட்டத் தொழிலாக இருந்தால் வழக்கறிஞர்கள் சட்டம் பொருந்தும் என்றது. ஆகவே நிறுவனத்தில் சேரும்போது, வேலை விவரத்தைக் கேட்டு வாங்கிப் படியுங்கள்.

ஸ்கார்பரோ தமிழர்

இந்த உரையாடலை ஆர்வத்தோடு படித்து வருகிறேன். யாழ்ப்பாணத்திலிருந்து வந்து, கனடாவின் ஒண்டாரியோ மாகாணத்தில் உரிமம் பெற்ற பாராலீகலாகப் பணிபுரிகிறேன். இங்கே அந்தச் சொல்லின் பொருள் முற்றிலும் வேறு என்பதால் எழுதுகிறேன்.

2007 முதல் ஒண்டாரியோவில் வழக்கறிஞர்களுக்கு உரிமம் வழங்கும் அதே சட்டச் சங்கம் பாராலீகல்களுக்கும் உரிமம் வழங்குகிறது. அங்கீகாரம் பெற்ற கல்லூரிப் படிப்பு, 120 மணி நேரக் களப்பயிற்சி, உரிமத் தேர்வு, நன்னடத்தை, பொறுப்புக் காப்பீடு ஆகிய அனைத்தும் வேண்டும். பெற்ற பிறகு நான் என் சொந்தப் பெயரில் அலுவலகம் நடத்தலாம்; கட்டணம் பெறலாம்; கட்சிக்காரருக்கு ஆலோசனை சொல்லலாம்; எழுந்து நின்று வாதிடலாம். எந்த இடத்தில் என்பதற்குத்தான் எல்லை. சிறு கோரிக்கை நீதிமன்றம், வீதிப் போக்குவரத்துக் குற்றங்கள், வீட்டு உரிமையாளர்–வாடகையாளர் தீர்ப்பாயம், குடிவரவு மற்றும் அகதிகள் சபை போன்றவை எங்கள் எல்லைக்குள் வரும். சிறு கோரிக்கை நீதிமன்றத்தின் உச்சவரம்பு 2020இல் 35,000 டாலராகவும், 2025 அக்டோபரில் 50,000 டாலராகவும் உயர்ந்ததால், சாதாரணக் குடும்பத்தின் கடன் வழக்குகளும் ஒப்பந்தத் தகராறுகளும் பெருமளவு எங்களிடமே வருகின்றன. உயில் எழுதுவதும், வீடு வாங்கி விற்கும் பதிவும், மணமுறிவும் வழக்கறிஞருக்குரியவை.

உங்கள் ஊரில் குமாஸ்தா செய்யும் பணியை இங்கே செய்பவருக்கு 'லா கிளார்க்' என்று பெயர். அவர் வழக்கறிஞரின் கீழ் மட்டுமே பணிபுரிவார். அந்தப் பணிக்கு உரிமம் தேவையில்லை. ஆகவே, இங்கே மூன்று படிகள் இருக்கின்றன, அங்கே இரண்டு.

எங்கள் சமூகத்தில் இதை விளக்குவது எனக்கு அன்றாட வேலை. அகதிகள் சபையின் விசாரணைக்கு நான் ஒருவருடன் செல்ல முடியும். அங்கே கோரிக்கை மறுக்கப்பட்டு, கூட்டாட்சி நீதிமன்றத்தில் மறுஆய்வு கேட்க வேண்டுமென்றால், அந்தக் கோப்பை நான் வழக்கறிஞரிடம் ஒப்படைத்தே ஆக வேண்டும். ஒரு மனிதரின் கதையை மாதக்கணக்கில் கேட்டு, அவரோடு அழுது, சான்றுகளைத் திரட்டி, கடைசியில் கதவருகே நின்று கோப்பைக் கைமாற்றும் அந்த நாள் எளிதானது அன்று. ஆனால், எல்லை எங்கே என்று எனக்கும் தெரியும், என் கட்சிக்காரருக்கும் முதல் நாளிலேயே எழுத்தில் தெரியும். உரிமம் உள்ளவர் யார் என்று சட்டச் சங்கத்தின் இணையப் பட்டியலில் எவரும் பார்த்துக்கொள்ளலாம்.

கருப்பு அங்கி, திருச்சி

ஒண்டாரியோ அன்பர் எழுதியது மிகவும் பயனுள்ளது. நம் நாட்டிலும் அப்படி ஓர் இடைப்படி வேண்டும் என்று நான் பல ஆண்டுகளாக எண்ணி வருகிறேன். வாடகைத் தகராறிலும் சிறு கடன் வழக்கிலும் 30 ஆண்டு அனுபவமுள்ள குமாஸ்தா ஒருவர், தேர்வெழுதி, உரிமம் பெற்று, தன் பெயரில் பொறுப்பேற்று நின்றால், ஏழைக் கட்சிக்காரருக்கு அது இழப்பாகாது. இப்போது நடப்பது வேறு. தெரிந்தவர் பின்னால் நிற்கிறார். அவர் சொல்வது தவறானால் கேட்பதற்கு ஓர் அமைப்பு இல்லை. பொறுப்பில்லாத ஆலோசனை கொடுக்கும் இடைத்தரகர்கள் பெருகுவதற்கும் அதுவே வழி செய்கிறது.

சட்டத் தன்னார்வலர், சேலம்

இந்தியாவில் பாராலீகல் என்ற சொல் அரசு ஆவணங்களில் வருவது சட்டத் தன்னார்வலர்களான எங்களைக் குறித்துத்தான் என்பதால் ஒரு குறிப்பு. தேசிய சட்டப்பணிகள் ஆணைக்குழு 2009இல் கொண்டுவந்த திட்டத்தின்படி, வட்டச் சட்டப்பணிகள் குழுக்களில் எங்களைப் போன்றவர்கள் பயிற்சி பெற்றுப் பணியாற்றுகிறோம். சட்டம் படித்திருக்க வேண்டியதில்லை. ஆசிரியர்கள், அங்கன்வாடிப் பணியாளர்கள், மாணவர்கள் எனப் பலரும் இருக்கிறார்கள். எழுதப் படிக்கத் தெரிந்த, நன்னடத்தையுள்ள தண்டனைச் சிறைவாசிகளும் சக சிறைவாசிகளுக்கு உதவும் தன்னார்வலராக இருக்கலாம்.

மனு எழுத உதவுவதும், இலவச சட்ட உதவிக்கு யாருக்குத் தகுதி உண்டு என்று சொல்வதும், குழுவிடம் கொண்டு சேர்ப்பதும் எங்கள் வேலை. பெண்களுக்கு வருமான வரம்பே இல்லாமல் இந்த உதவி கிடைக்கும் என்பது ஊர்ப்புறத்தில் இன்றும் பலருக்குத் தெரியாது. நாங்கள் மக்களிடம் பணம் வாங்கக் கூடாது. பணியாற்றும் நாளுக்கு மதிப்பூதியம் உண்டு. வாழ்க்கைத் தொழிலாக இதை எண்ணி யாரும் வர வேண்டாம். ஆனால், சட்டம் எளியவரைச் சென்றடையும் பாதையைப் பார்க்க விரும்பினால், உங்கள் வட்டக் குழுவில் ஒரு முறை விசாரித்துப் பாருங்கள், சகோதரி.

மூன்றாம் ஆண்டு ஜூனியர்

அக்காவுக்கு வணக்கம். எல்லோரும் பொறுப்பைப் பற்றி எழுதியிருக்கிறார்கள். நான் செலவைப் பற்றி எழுதுகிறேன். ஏனென்றால் எனக்கு இதைச் சொல்ல யாரும் இருக்கவில்லை.

படிப்பு முடிந்ததும் மாநில பார் கவுன்சிலில் பதிவு செய்ய வேண்டும். முன்பு சில மாநிலங்களில் இதற்கு 20,000 ரூபாய்க்கும் மேல் வாங்கினார்கள். சட்டத்தில் உள்ள 750 ரூபாய்க்கு மேலும், பட்டியலினத்தவர், பழங்குடியினரிடம் 125 ரூபாய்க்கு மேலும் பதிவுக் கட்டணமாக வாங்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2024 ஜூலை 30 அன்று தீர்ப்பளித்தது. அதன் பிறகு அகில இந்திய பார் தேர்வு. 100 கொள்குறி வினாக்கள், தமிழிலும் எழுதலாம், பொதுப்பிரிவினருக்கு 45 விழுக்காடு வேண்டும். அதில் தேறினால்தான் தொழில் செய்யும் சான்றிதழ் கிடைக்கும்.

கடினமான பகுதி அதற்குப் பிறகுதான் தொடங்குகிறது. முதல் ஆண்டில் என் சீனியர் கொடுத்தது பேருந்துச் செலவுக்கே சரியாக இருந்தது. ஜூனியர்களுக்குச் சென்னை, மதுரை, கோவை நகரங்களில் 20,000 ரூபாயும் மற்ற இடங்களில் 15,000 ரூபாயும் மாத உதவித்தொகையாகக் கொடுக்க வேண்டும் என்று சென்னை உயர் நீதிமன்றம் 2024 ஜூனில் உத்தரவிட்டது. அதே ஆண்டு அக்டோபரில் இந்திய பார் கவுன்சிலும் இதை ஒட்டிப் பரிந்துரை அனுப்பியது. என் நண்பர்களில் அந்தத் தொகையைப் பெறுபவர் ஒருவர்கூட இல்லை. நீங்கள் இப்போது வாங்கும் சம்பளத்தைவிட வழக்கறிஞராக முதல் சில ஆண்டுகள் குறைவாகவே வாங்க நேரிடலாம். வீட்டில் இதை முன்கூட்டியே பேசிவிடுங்கள்.

நீதிபதித் தேர்வு உங்கள் மனத்தில் இருந்தால் இன்னொன்று. 2025 மே 20 அன்று வந்த உச்ச நீதிமன்றத் தீர்ப்பின்படி, உரிமையியல் நீதிபதி பதவிக்கு 3 ஆண்டுகள் வழக்கறிஞராகத் தொழில் செய்திருக்க வேண்டும். பார் தேர்வுக்கு முந்தைய தற்காலிகப் பதிவு நாளிலிருந்து அது கணக்கிடப்படும். எழுத்தராக இருந்த 4 ஆண்டுகள் அந்தக் கணக்கில் வராது.

கும்பகோணத்துத் தட்டச்சர்

இவ்வளவு அக்கறையோடு எழுதிய அனைவருக்கும் என் நன்றி. பழைய குமாஸ்தா ஐயா எழுதியதை என் சீனியரிடம் படித்துக் காட்டினேன். சற்று நேரம் ஒன்றும் பேசாமல் இருந்துவிட்டு, அந்த நகல் கணக்கை எனக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறேனா என்று கேட்டார். இல்லை என்றேன். அன்று மாலையே பழைய கட்டுகளிலிருந்து மூன்று நகல்களை எடுத்துக் கணக்கிடச் சொன்னார். இரண்டை மட்டுமே சரியாகக் கணக்கிட்டேன்.

இரண்டு ஐயங்கள். வேலையை விடாமல் எல்.எல்.பி. படிக்க முடியுமா? என் பி.காம். அஞ்சல் வழியில் படித்தது. ஆனால் பன்னிரண்டாம் வகுப்பைப் பள்ளியில் முறையாக முடித்திருக்கிறேன். அது தகுதிக்குத் தடையாகுமா?

கருப்பு அங்கி, திருச்சி

இரண்டாவது கேள்விக்கு முதலில். பத்தாம் வகுப்பையும் பன்னிரண்டாம் வகுப்பையும் முறையாக முடித்த பிறகு அஞ்சல் வழியில் பெற்ற பட்டம் பொதுவாகத் தடையாகாது. அடிப்படைக் கல்வி இல்லாமல் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் நேரடியாகப் பட்டம் பெற்றவர்களைத்தான் 2008ஆம் ஆண்டின் சட்டக் கல்வி விதிகள் விலக்குகின்றன. பட்டத்தில் பொதுப்பிரிவினருக்கு 45 விழுக்காடும், பட்டியலினத்தவருக்கும் பழங்குடியினருக்கும் 40 விழுக்காடும் மதிப்பெண் வேண்டும். விண்ணப்பிக்கும் முன் அந்த ஆண்டின் விவரக்குறிப்பேட்டை ஒருமுறை படித்துவிடுங்கள்.

முதல் கேள்விக்கு, முழுநேர வேலையோடு முடியாது என்பதே நேர்மையான விடை. இது நேரில் சென்று படிக்க வேண்டிய படிப்பு. 70 விழுக்காடு வருகை வேண்டும். மாணவர்கள் வேலையில் இருக்கிறார்களா என்று உறுதிமொழி பெற வேண்டும் என 2024 செப்டம்பரில் இந்திய பார் கவுன்சில் கல்லூரிகளுக்குச் சுற்றறிக்கையும் அனுப்பியிருக்கிறது. வருகையைப் பொய்யாகக் காட்டிப் பட்டம் வாங்கித் தருகிறோம் என்று வெளிமாநிலக் கல்லூரிகளின் பெயரைச் சொல்லி யாராவது வந்தால், தயவுசெய்து விலகிவிடுங்கள். நாளை பதிவையே அது கேள்விக்குள்ளாக்கும். கோடை விடுமுறையிலும் சனிக்கிழமைகளிலும் உங்கள் சீனியரின் அலுவலகத்துக்குப் போய்வரத் தடையில்லை.

பதிவு பெற்ற பின் சென்னை நிறுவனத்துக்குப் போக நினைத்தால், ஒன்றை நினைவில் வையுங்கள். தொழில் செய்யும் வழக்கறிஞர் முழுநேரச் சம்பளப் பணியில் இருக்கக் கூடாது என்பது பார் கவுன்சிலின் 49ஆவது விதி. பார் கவுன்சிலுக்குத் தெரிவித்து, தொழிலை நிறுத்தி வைத்துவிட்டுத்தான் சேர வேண்டும்.

பழைய குமாஸ்தா

மகளே, மூன்றாவது நகலில் எங்கே பிழைத்தது என்று எழுதுங்கள். பெரும்பாலும் முத்திரைத்தாள் கட்டக் கடைசி நாள் விடுமுறையாக இருந்திருக்கும், அல்லது விண்ணப்பித்த நாளை எண்ணாமல் விட்டிருப்பீர்கள்.

கும்பகோணத்துத் தட்டச்சர்

விண்ணப்பித்த நாளைத்தான் விட்டுவிட்டேன், ஐயா. அதோடு, எழுத்தர் நல நிதியில் என் பெயர் இல்லை என்பதும் நீங்கள் சொன்ன பிறகுதான் தெரிந்தது.

இந்த ஆண்டு மூன்றாண்டுப் படிப்புக்கு விண்ணப்பிக்க முடிவு செய்திருக்கிறேன். என் இடத்துக்கு வரப்போகிறவருக்கு டைரி எழுதவும் கட்டு போடவும் சொல்லிக்கொடுத்த பிறகே அலுவலகத்திலிருந்து விலகுவதாக ஐயாவிடம் சொல்லியிருக்கிறேன். அந்தப் புதியவரின் பெயரை, அவர் சேரும் நாளிலேயே எழுத்தர் நல நிதியில் பதிவு செய்ய ஐயா ஒப்புக்கொண்டார். நகலின் கடைசிப் பக்கத்தைத்தான் முதலில் சொல்லிக்கொடுக்கப் போகிறேன்.